தட்டச்சுப் பொறி ஆலையில் பிறந்த மோட்டார்ப் பட்டறை

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியமும் சமயமும் பேசப்படுவது வழக்கம். இவ்வாண்டு நமக்கு ஒதுக்கப்பட்ட அரைமணி நேரத்தில், ஜெர்மனி நாட்டு மோட்டார்ப் பட்டறை ஒன்று வளர்ந்த வரலாற்றைச் சொல்லப் போகிறோம் என்று செயலாளரிடம் தெரிவித்தபோது, அவர் நம் முகத்தைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தார். பின்னர், "கம்பனில் ஏதேனும் தேர் வருமிடத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றார். சேர்க்கவில்லை, மன்னிக்க வேண்டும்.

இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நம் காலனியைச் சேர்ந்த தகப்பனார் ஒருவர் சில மாதங்களுக்கு முன் ஒரு மாலையில் நம் வீட்டு வராந்தாவில் வந்து அமர்ந்தார். அவருடைய மகன் ஐ.டி.ஐ.யில் பிட்டர் பயிற்சி முடித்தவன். ரயில்வே தேர்வுக்கு விண்ணப்பம் போடமாட்டேன் என்கிறான். கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஆலையிலிருந்து வந்த நிலையைக் காட்டிலும் விரைவாக ஓடும்படி எஞ்சினைத் திருத்திக் கொடுக்கும் கடை ஒன்று வைக்க வேண்டும் என்பது அவன் ஆசை. "உலகத்திலே இப்படியும் ஒரு தொழில் உண்டா, சார்? இதை நம்பி ஒருவன் குடித்தனம் நடத்த முடியுமா? நீங்கள் நாலு புத்தகம் படிக்கிறவர், விசாரித்துச் சொல்லுங்கள்" என்று அவர் கேட்டார். கேட்ட குரலில் கோபத்தைக் காட்டிலும் பயமே மிகுந்திருந்தது.

அப்பயத்தின் காரணமும் நமக்குத் தெரியும். இரண்டாண்டுகளுக்கு முன் இதே காலனிப் பிள்ளை ஒருவன், லெவல் கிராசிங்கை அடுத்த கடை ஒன்றில் தன் மோட்டார் சைக்கிளின் புகைக்குழலை மாற்றி, எஞ்சினையும் திருத்திக்கொண்டான். இருபது நாள் ஊரே காது பொத்திக்கொண்டது. இருபத்தோராம் நாள் விழுந்தான். கால் இரண்டிடத்தில் முறிந்தது. இன்ஷூரன்ஸ்காரர்கள் பதிவுச் சான்றிதழில் இல்லாத மாற்றம் என்று கூறி வண்டிக்குப் பணம் தர மறுத்தார்கள். வண்டி விற்றவர்கள், "நாங்கள் கொடுத்த வண்டி இதுவன்று" என்றார்கள். கடைக்காரர், "கேட்டதைச் செய்தோம்" என்றார். தகப்பனார் மட்டும் வண்டிக் கடனைக் கட்டிக்கொண்டிருந்தார். ஒரே வண்டி, அது ஓடிய வேகத்திற்குப் பெருமைப்பட நால்வர், விழுந்த பிறகு பொறுப்பேற்க ஒருவருமில்லை.

இந்த இரண்டு தகப்பனார்களையும் மனத்தில் வைத்துக்கொண்டே நாம் படிக்கத் தொடங்கினோம். அவ்வாறு படித்தபோது கிடைத்தது ஆல்பினா என்னும் பட்டறையின் கதை.

ஜெர்மனியின் தென்பகுதியில், பவேரியா மாநிலத்தில், கௌஃப்பாய்ரன் என்றோர் ஊர் உள்ளது. அங்கே டாக்டர் ருடால்ஃப் போவென்சீப்பன் என்பவர் அலுவலகப் பொறிகள் செய்யும் ஆலை ஒன்றை நடத்திவந்தார். ஆல்பினா என்பது அவ்வாலையில் செய்த தட்டச்சுப் பொறியின் பெயர். தட்டச்சுப் பொறி என்றவுடன் எங்களைப் போன்ற எழுத்தர்களுக்கு ஒரு நெருக்கம் உண்டாகிறது. நாம் பணியிற் சேர்ந்த நாளில் எங்கள் அலுவலக மூலையில் உறை போர்த்திய பொறி ஒன்று இருந்தது. ஓய்வு பெறவிருந்த தலைமை எழுத்தர் அதை விட்டுப் பிரிய மனமின்றி வாரம் ஒருமுறை எண்ணெய் விட்டுத் துடைப்பார். ஒரே ஒரு நெம்புகோல் மயிரிழை வளைந்தாலும் அந்த எழுத்து மட்டும் வரியை விட்டு மேலே ஏறி நிற்கும் என்று அவர் காட்டியிருக்கிறார். நூற்றுக்கணக்கான சிறு உறுப்புகள் ஒன்றுக்கொன்று இணங்கினால்தான் ஒரு வரி நேராக விழும். மகனுக்கு இப்பாடம் தந்தையின் ஆலையிலிருந்து வந்ததா என்று அறுதியிட்டுச் சொல்ல நாம் யார்? ஆனால் அவர் கடை தொடங்கிய இடம் அந்த ஆலையின் துணைக் கட்டடமே.

மகனின் பெயர் பர்க்கார்ட் போவென்சீப்பன், 1936-இல் பிறந்தவர். அவருக்கு வாய்ப்பு வந்த விதத்தை அறிய, மியூனிக் நகரத்துப் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் அன்றைய நிலையைச் சிறிது அறிய வேண்டும். இன்று செல்வர் வீட்டு வாசலில் நிற்கும் அவ்வண்டியின் நிறுவனம் 1959-இல் கடனில் மூழ்கியிருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் கூடிய பங்குதாரர் கூட்டத்தில் அதைப் போட்டி நிறுவனமான டெய்ம்லர்-பென்ஸிடம் ஒப்படைக்கும் திட்டமே முன்வைக்கப்பட்டது. சிறு பங்குதாரர்களும் விற்பனையாளர்களும் எதிர்த்து நின்று அதைத் தடுத்தனர். பின்னர் ஹெர்பெர்ட் குவாண்ட் என்னும் செல்வர் பெரும்பணம் போட்டு நிறுவனத்தைத் தாங்கினார். அதன்பின் 1962-இல் விற்பனைக்கு வந்த 1500 என்னும் கார் அவர்களைக் கரையேற்றியது. அதன் எஞ்சின் 80 குதிரைத்திறன் கொண்டது.

மக்கள் விரும்பி வாங்கினர். ஆனால் மறு ஆண்டே, 1963-இல், அதே உருவத்தில் 1800 என்னும் கார் வந்தது, திறன் 90. முந்திய ஆண்டு முழுப்பணம் கொடுத்து வாங்கியவனுக்கு எப்படியிருக்கும்? தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னதாகச் சேலை எடுத்துவிட்டுப் பிறகு தள்ளுபடி அறிவிப்பைப் பார்த்த கதைதான். இந்த மனக்குறைக்கு மருந்து போவென்சீப்பனிடம் இருந்தது. 1500 காருக்கென்று அவர் இத்தாலிய வெபர் கார்புரேட்டர்களைக் கொண்டு இரட்டைக் கார்புரேட்டர் அமைப்பு ஒன்றை 1962-லேயே உருவாக்கியிருந்தார்.

தாய்மார்களுக்காகச் சிறு விளக்கம். கார் எஞ்சினும் ஒருவகை அடுப்பேயாகும். அடுப்பில் விறகைத் திணித்தால் புகைதான் வரும். ஊதுகுழலால் காற்றை விட்டால்தான் சுடர் எழும். பெட்ரோலும் அப்படியே. எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் ஒழுங்காக எரிய ஏறக்குறையப் பதினைந்து பங்கு காற்று வேண்டும். இவ்விரண்டையும் கலந்து அனுப்பும் உறுப்புக்கே கார்புரேட்டர் என்று பெயர். 1500 காரில் நான்கு சிலிண்டர்களுக்கும் ஒரே கார்புரேட்டர், ஒரே தொண்டை. நான்கு பிள்ளைகள் ஒரு தம்ளரில் வாய் வைத்துப் பால் குடிப்பது போன்றது அது. அருகிலிருப்பவனுக்கு மிகுதியும் தொலைவிலிருப்பவனுக்குக் குறைவும் கிடைக்கும். தொண்டைகளைப் பெருக்கினால் ஒவ்வொரு சிலிண்டரும் வயிறார மூச்சு விடும். காற்று மிகுந்தால் எரிதல் மிகும். எரிதல் மிகுந்தால் திறன் மிகும். இதோடு சிலிண்டர் தலைப்பில் காற்று நுழையும் வழிகளை அரத்தால் தேய்த்து வழவழப்பாக்குவதும், பிஸ்டன்களைத் தராசிலிட்டு ஒரே எடைக்குக் கொண்டுவருவதும், கிராங்க்ஷாப்டைச் சுழற்றிப் பார்த்துச் சமநிலைப்படுத்துவதும் இத்தொழிலின் மற்ற வேலைகள். பொற்கொல்லர் பட்டறையின் பொறுமை இதற்கு வேண்டும். சத்தம் போடும் புகைக்குழலுக்கும் இதற்கும் உள்ள உறவு, கல்யாண வீட்டு ஒலிபெருக்கிக்கும் சங்கீதத்திற்கும் உள்ள உறவுதான்.

இதுவரை சொன்னதைச் செய்யக்கூடியவர்கள் அக்காலத்து ஐரோப்பாவில் வேறு பலரும் இருந்தனர். ஆல்பினாவைத் தனித்து நிறுத்தியது இனிச் சொல்லப்போவது.

போவென்சீப்பன் தம் கார்புரேட்டர் அமைப்பைத் தெருவோரத்தில் விற்று வாங்குகிறவன் பாடு என்று விடவில்லை. பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தாரிடமே கொண்டு சென்றார். 1964-இல், விற்பனைப் பொறுப்பிலிருந்த பால் ஹானமன் காலத்தில், அந்நிறுவனம் அவ்வமைப்பின் தரத்தை ஏற்றுச் சான்றளித்தது. ஆல்பினா கார்புரேட்டர் பூட்டிய காருக்கும் ஆலையின் உத்தரவாதம் செல்லும் என்று ஒப்புக்கொண்டது. நன்றாகக் கவனிக்க வேண்டும். எஞ்சின் உடைந்தால், "நாங்கள் கொடுத்த வண்டி இதுவன்று" என்று சொல்லும் உரிமையை அப்பெரிய நிறுவனம் தானே விட்டுக்கொடுத்தது. ஒரு துணைக் கட்டடத்தில் வேலை செய்த இளைஞன் பெற்ற அந்த ஒரு தாள், பத்துக் குதிரைத்திறனைக் காட்டிலும் பெரியது என்பது எங்கள் எண்ணம். ரயில்வே எழுத்தர்கள் தாளை மிகையாக மதிப்பவர்கள் என்று நீங்கள் சிரிக்கலாம்.

ஆனால் நம் தண்டவாளத்திலேயே இதற்குச் சான்று உண்டு. நூறு கிலோமீட்டரே உச்ச வேகமாயிருந்த நாளில், டெல்லிக்கும் ஹௌராவுக்கும் இடையே 120 கிலோமீட்டர் வேகத்தில் ராஜதானி விரைவு வண்டி 1969 மார்ச்சில் ஓடத் தொடங்கியது. பயணம் 17 மணி 20 நிமிடமாகக் குறைந்தது. கூடியது மணிக்கு 20 கிலோமீட்டர்தான். அதற்கு எஞ்சினை, பெட்டியை, பாதையை, பிரேக்கை எல்லாம் லக்னோவிலுள்ள ரயில்வே ஆராய்ச்சி அமைப்பினர் நெடுங்காலம் சோதித்துப் பார்த்தனர். இன்றும் புதிய வகை வண்டி ஒன்று ஓட வேண்டுமானாலும், வேகம் கூட வேண்டுமானாலும் பாதுகாப்பு ஆணையரின் ஒப்புதல் தேவை. அவ்வாணையர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி. அவசரப்படுகிறவன் கையில் முத்திரையைக் கொடுக்கக்கூடாது என்று நினைத்தவர்கள் புத்திசாலிகள்.

மறுபடியும் கௌஃப்பாய்ரனுக்கு வருவோம். 1965 ஜனவரி முதல் நாள் எட்டுப் பணியாளரோடு ஆல்பினா நிறுவனம் முறையாகத் தொடங்கப்பட்டது. தந்தையின் தட்டச்சுப் பொறித் தொழில் நெசவுத் துறையில் கால் வைத்ததனால் நொடித்துப்போக, பொறியின் பெயரை மகனின் பட்டறை ஏந்திக்கொண்டது. அதன் சின்னத்தைப் பார்த்தால் ஒரு கேடயத்துக்குள் கார்புரேட்டரின் காற்றுத் தொண்டைகளும் கிராங்க்ஷாப்டும் இருக்கும். சிங்கமோ கழுகோ இல்லை. தாம் எதைச் சோறாக உண்டார்களோ அதையே சின்னமாக வைத்துக்கொண்டார்கள்.

1968 முதல் பந்தயங்களில் இறங்கினர். 1970-இல் பெல்ஜியத்து ஸ்பா நகரில் 24 மணி நேரம் இடைவிடாது ஓடும் பந்தயத்தை ஆல்பினா திருத்திய 2800 சி.எஸ். கார் வென்றது. நிக்கி லாவ்டா, ஜேம்ஸ் ஹண்ட், ஜாக்கி இக்ஸ் ஆகிய பெயர்பெற்ற ஓட்டுநர்கள் அவர்கள் வண்டிகளை ஓட்டியுள்ளனர். 1977-இல் டீட்டர் குவெஸ்டர் ஆல்பினா காரில் ஐரோப்பியப் பட்டம் பெற்றார். பந்தயக் கதைகளை இளைஞர்கள் வேறிடத்தில் படித்துக்கொள்ளலாம். நாம் ஒன்று மட்டும் குறிப்போம்: பந்தயம் அவர்களுக்கு விளம்பரமாக மட்டும் இருக்கவில்லை. 24 மணி நேரம் உடையாத எஞ்சின்தான் ஒரு டாக்டரின் கையிலோ வழக்கறிஞரின் கையிலோ பத்தாண்டு உடையாமல் இருக்கும். அது பெரிய சோதனைச் சாலை.

அதே 1970-இல் எழுபது பணியாளரோடு பட்டறை பூஹ்லோ என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. கௌஃப்பாய்ரனிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர். பூஹ்லோ ஒரு ஜங்ஷன். மியூனிக்கிலிருந்து வரும் பாதையும் ஆக்ஸ்பர்க்கிலிருந்து வரும் பாதையும் அங்கே கூடிப் பிரிகின்றன. நம்மைப் போன்றவர்களுக்கு ஓர் ஊரைப் பற்றி முதலில் தெரியவேண்டிய செய்தி இதுவாதலின் சொன்னோம்.

1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அவ்வாண்டின் இறுதியில் மேற்கு ஜெர்மனியில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் கார் ஓட்டவே தடை விதித்தார்கள். நெடுஞ்சாலையில் மக்கள் நடந்து சென்றார்கள். வேகத்தை விற்றுப் பிழைக்கும் கடைக்கு அதைவிடக் கெட்ட சகுனம் வேண்டியதில்லை. ஆனால் ஆல்பினா பிழைத்திருந்தது. அதுமட்டுமன்றி, உறுப்புகள் விற்கும் நிலையிலிருந்து முழுக் கார்களை விற்கும் நிலைக்கு 1978-இல் ஏறியது. அவ்வாண்டில் வந்த பி7 டர்போ என்னும் நான்கு கதவுக் காரின் திறன் 300 குதிரை. ஐந்து பேர் அமர்ந்து மாமியார் வீட்டுக்குப் போகக்கூடிய வண்டி. ஆனால் பந்தய வண்டியோடு போட்டியிடும்.

1983-இல் ஜெர்மன் அரசின் மோட்டார் வாகனத் துறை ஆல்பினாவைக் கார் உற்பத்தியாளராகவே பதிவு செய்தது. கார்புரேட்டர் மாற்றும் கடை என்ற நிலை மாறி, வண்டியின் பதிவுத் தாளிலேயே தன் பெயரை எழுதும் தகுதி பெற்றது. தொடங்கி இருபதாண்டும் ஆகவில்லை. முறை இப்படி: எஞ்சினைப் பூஹ்லோவில் கையால் கூட்டுவார்கள், அது பி.எம்.டபிள்யூ. ஆலைக்குச் சென்று காரில் ஏறும். கார் மறுபடி பூஹ்லோவுக்கு வந்து இருக்கை, சக்கரம், இதர நயங்கள் எல்லாம் முடிந்து வெளியே போகும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு ஆயிரம் கார்களுக்கு மேல் அவர்கள் செய்ததேயில்லை. இடையே 1979 முதல் போவென்சீப்பன் திராட்சை மது வாணிகத்தையும் சேர்த்து நடத்தினார். ஒரே கட்டடத்தில் வேகமான காரும் மதுவும் விற்பது நமக்கு உகந்ததாகத் தோன்றவில்லை. அவர்கள் ஊர் வழக்கம் அவர்களுக்கு.

இதே காலத்தில் வேறு வழியில் வளர்ந்த கடையும் உண்டு. ஆஃப்ரெக்ட், மெல்ஷர் என்னும் இரு பொறியாளர்கள் 1967-இல் ஒரு பழைய மாவு ஆலையில் தொடங்கிய ஏ.எம்.ஜி. பட்டறை, மெர்சிடிஸ் கார்களைத் திருத்தியது. 1999-இல் அதன் 51 விழுக்காடு பெரிய நிறுவனத்திடம் சென்றது. 2005-இல் முழுவதும் சென்றது. இன்று அது மெர்சிடிஸின் ஓர் உறுப்பு. நம் கோயம்புத்தூரிலும் இத்தொழில் அறியப்படாததன்று. அங்குள்ள ஜெயம் நிறுவனமும் டாட்டா மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து 2018-இல் டியாகோ, டிகோர் கார்களின் வேகமிகு வகைகளைக் கொண்டுவந்தன. ஆலையின் உத்தரவாதத்தோடு வாங்கக்கூடியவை. 2020-இல் புதிய மாசு விதி வந்தபோது அவை தொடரப்படவில்லை.

ஆல்பினாவுக்கும் அத்தகைய காலம் வந்தது. மின்சாரக் கார்கள் பெருகின, விதிகள் பெருகின, காரின் மூளை எஞ்சினிலிருந்து கணிப்பொறி நிரலுக்கு இடம் மாறியது. அரத்தாலும் தராசாலும் அந்த மூளையைத் தொட முடியாது. 2022 மார்ச்சில், ஆல்பினா என்னும் பெயரைப் பி.எம்.டபிள்யூ. வாங்கிக்கொள்ளும் செய்தி வெளியாயிற்று. பழைய ஒப்பந்தப்படி பூஹ்லோவில் கார் செய்வது 2025 இறுதி வரை என்று முடிவாயிற்று. விற்கப்பட்டது பெயர் மட்டுமே. பட்டறை குடும்பத்தாரிடம் இருந்தது. 2023 அக்டோபரில் பர்க்கார்ட் போவென்சீப்பன் தம் 87-ஆம் வயதில் காலமானார். 2025-இல் அவர் புதல்வர்கள் தங்கள் குடும்பப் பெயரையே இட்டு ஒரு காரை வெளிக்காட்டினார்கள்.

இவற்றையெல்லாம் அந்தத் தகப்பனாரிடமும் அவர் மகனிடமும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இருத்திச் சொன்னோம். தகப்பனார் இடையில் ஒன்றும் பேசவில்லை. மகன் மட்டும் ஒரு கேள்வி கேட்டான். "அறுபது வருஷம் பாடுபட்டுக் கடைசியில் பேரைக் கொடுத்துவிட்டார்களே, சார். அந்தப் பேர் அவர்கள் தாத்தாவின் டைப்ரைட்டர் பேர் இல்லையா?" நமக்கு விடை சொல்லத் தெரியவில்லை. ஆலையாரின் உத்தரவாதத்தைப் பெற்று வளர்ந்தவன் இறுதியில் ஆலையாரிடமே சேர்கிறான் என்பது நியதியோ என்னவோ. தனித்து நின்றவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாமலே மறைந்தன என்பதும் உண்மை.

சட்டத்தையும் அவனிடம் மறைக்கவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை வலியுறுத்தியிருக்கிறது. எனவே லெவல் கிராசிங் கடை போல ஒன்று வைப்பதாயிருந்தால் நம் ஆசி கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டோம். பந்தயத் திடலுக்கான வண்டிகளைத் திருத்துவது வேறு, பழைய எஞ்சினை ஆலை அளவுக்கு மீட்டுத் தருவது வேறு, அவற்றுக்கு இடமுண்டு. முதலில் ஏதேனும் ஒரு நிறுவனத்தின் பணிமனையில் மூன்றாண்டு வேலை செய்து, தொட்ட ஒவ்வொரு எஞ்சினின் அளவையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கீழே கையெழுத்திடு என்றோம்.

அவன் உடனே ஒப்பவில்லை. "மூன்று வருஷமா?" என்றான். தகப்பனார் அப்போதுதான் வாய் திறந்து, "ரயில்வே விண்ணப்பத்துக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது" என்றார். அந்தப் பதினோரு நாளும் கழிந்து போயிற்று. விண்ணப்பம் போனதா என்று நாம் கேட்கவில்லை. சென்ற மாதம் அவன் நம்மிடம் வந்து நோட்டுப் புத்தகம் ஒன்றைக் காட்டினான். அலுவலக லெட்ஜரைப் போலக் கோடு போட்டுத் தேதி, வண்டி, அளவு, கையெழுத்து என்று நான்கு பத்தி. முதற்பக்கத்தில் ஏழு வரிகள் நிரம்பியிருந்தன. ஐந்தாம் வரியில் ஓர் அளவை அடித்துத் திருத்தி, திருத்திய இடத்திலும் கையெழுத்துப் போட்டிருந்தான்.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கோலாட்டக் குழந்தைகளும் திரைக்குப் பின்னால் குச்சிகளைத் தட்டத் தொடங்கிவிட்டார்கள்.